நிரல் பார்வையிடுவார் வேண்டும்

நம் மாணவருள் திறந்த மூல மென்பொருள்கட்கு நிரல் எழுதி அனுப்புவார் நாளுக்கு நாள் பெருகி வருகின்றனர். அது பாராட்டற்குரியதே. ஆயினும், எழுதுவார் பெருகிய அளவிற்கு, எழுதியதைப் பார்வையிட்டுக் குற்றங்குணங் கூறுவார் பெருகினாரில்லை. இக்குறையை நீக்குதல் எழுதுவார் ஒவ்வொருவர்க்கும் கடனாம் என்பது எமது துணிபு.

முற்காலத்தே நூல் செய்தார் அதனைப் புலவர் அவையில் அரங்கேற்றித் தடைகட்கு விடை கூறுதல் மரபு. மென்பொருட்கும் அத்தகைய அவை வேண்டும். மூல நிரல் யாவர்க்கும் திறந்திருத்தல் மாத்திரம் போதாது. படிப்பார் இலரேல், திறந்த ஏடு மூடிய ஏட்டினுஞ் சிறந்ததாதல் எங்ஙனம்?

இணையத்திற் செல்லுஞ் செய்திகளை மறைத்துக் காக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் மென்பொருளின் 2012-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு பிழை புகுந்தது. மறுமுனையார் கூறிய அளவு மெய்யோவெனச் சரிபாராமையே அதன் காரணம். 'ஹார்ட்பிளீட்' எனப் பெயர் பெற்ற அப்பிழை 2014 ஏப்ரலிற்றான் உலகறிய வெளிப்பட்டது. அந்நிரலும் ஒருவரால் பார்வையிடப்பட்டதே. எண்ணிறந்த வலைத்தளங்கள் நம்பியிருந்த ஒன்றற்கு அவ்விரு கண்கள் போதவில்லை.

2024-இல் எக்ஸ்.இசட். என்னுஞ் சுருக்க மென்பொருளில் நிகழ்ந்தது அதனினுங் கொடிது. பல்லாண்டு தனியே உழைத்துத் தளர்ந்த பராமரிப்பாளர்க்கு உதவுவார்போல் வந்த ஒருவர், நம்பிக்கை பெற்றபின் கள்ளவழி யொன்றை அதனுட் புகுத்தினார். சேவையகத்தில் நுழைதற்கு ஏறக்குறைய அரை நொடி மிகையாதல் கண்டு ஐயுற்ற ஆண்ட்ரஸ் பிராயிண்டு என்பார் அதனை ஆராய்ந்து வெளிப்படுத்தினார். நல்லார் துணை முன்னரே வந்திருப்பின், பொல்லார் துணைக்கு அங்கு இடம் அரிதாகியிருக்கும்.

"யாம் தொடக்க நிலையினேம், வல்லார் எழுதியதை ஆராய எமக்குத் தகுதி யாது?" என்பார் உளர். திருத்தத்தைத் தம் கணினியில் இயக்கிப் பார்த்தற்கும், சோதனைகள் உளவோ என நோக்குதற்கும், விளங்காத இடத்தை வினாவுதற்கும் பெரும்புலமை வேண்டுவதின்று. புதியார்க்கு விளங்காத நிரல் நாளைப் பராமரிப்பார்க்கும் இடர் விளைத்தல் கூடும். முடிவு கூறும் உரிமை பராமரிப்பாளரிடத்தே இருத்தலின், வினாவுதலால் கேடொன்றுமில்லை. படியாமலே "நன்று" என்று ஒப்பமிடுதலே கேடாம். பாராததைப் பார்த்ததாக அது காட்டும்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னுந் தரவுத்தளத்தை ஆக்குவாரிடத்தே ஒரு நல்வழக்கம் உண்டு. தம் திருத்தத்தைப் பரிசீலனைக்கு இடுவார், அதனையொத்த பிறர் திருத்தமொன்றைத் தாம் பார்வையிடல் வேண்டும் என்பதே அது. லினக்ஸ் கர்னலிலோ, எழுதினார் பெயரோடு பார்வையிட்டார் பெயரும் பதிவாகின்றது. ஒன்று கடமையைப் பகிர்வது. மற்றொன்று புகழைப் பகிர்வது. இரண்டும் வேண்டற்பாலன.

எண்ணிக்கையை மாத்திரம் போற்றின் விளைவது யாது? திருத்தங்களை எண்ணிச் சட்டை பரிசளித்த 'ஹேக்டோபர்ஃபெஸ்ட்' நிகழ்ச்சியின்போது, 2020 அக்டோபரிற் பயனற்ற சிறு மாற்றங்கள் குவிந்து பராமரிப்பாளரை வருத்தின. ஆதலின் ஆசிரியப் பெருமக்கள், மாணவர் எழுதியனவற்றோடு பார்வையிட்டனவற்றையும் மதிப்பிடுவாராக. பழைய மாணவர் தாம் தொழிலிற் பயின்ற முறையை இளையார்க்குக் கற்பிப்பாராக. மாணவர்காள்! ஒன்று எழுதின் ஒன்று பார்வையிடுமின்; குறையைக் கூறுங்கால் நிரலின்மேல் வைத்துக் கூறுமின், எழுதினார்மேல் வையற்க. பலர் தாங்கும் பாரமே நெடிது நிற்கும்.