கால்நடைகளின் குடலில் வளரும் ஆபத்து

ஆரையம்பதி உள்ளிட்ட மட்டக்களப்பு வாவிக்கரைக் கிராமங்களில் ஆடு, மாடு, கோழி வளர்ப்புப் பல குடும்பங்களுக்குக் கைகொடுக்கும் தொழிலாகும். நான்கு குஞ்சுகள் சோர்ந்து நின்றாலே போட்ட முதலுக்கு ஆபத்து என்ற அச்சம் எழுகின்றது. அவ்வேளையில் கைக்கெட்டும் அன்ரிபயோற்றிக் மருந்தைத் தண்ணீரிற் கலந்து எல்லாக் கோழிகளுக்கும் கொடுக்க மனம் தூண்டப்படுவது இயல்பே. ஆயினும், இதன் விளைவு கூட்டுக்குள் முடிந்துவிடுவதில்லை.

விலங்குகளின் குடலில் கோடிக்கணக்கான பக்ரீரியாக்கள் வாழ்கின்றன. மருந்து குறைந்த அளவில் அடிக்கடி உட்செல்லும்போது பலவீனமானவை மடிய, மருந்தைத் தாங்குபவை பெருகுகின்றன. இவை தமது எதிர்ப்பு மரபணுவை வேறு பக்ரீரியாக்களுக்கும் கடத்த வல்லவை. எருவாகத் தோட்டத்துக்கும், மாரி மழையோடு கிணற்றுக்கும் வாவிக்கும், சரிவரச் சமைக்காத இறைச்சி மூலம் மனிதருக்கும் இவை வந்து சேரலாம்.

இது வெறும் அனுமானமன்று. கடுமையான தொற்றுகளுக்கு வைத்தியர்கள் இறுதியாக நாடும் மருந்துகளில் ஒன்றான கொலிஸ்ரினுக்குக் கட்டுப்படாத, பரவக்கூடிய மரபணுவொன்று சீனாவில் பன்றிகளிலும் நோயாளரிடத்தும் காணப்பட்டமை 2015இல் வெளியானது. 2017இல் சீனா அம்மருந்தைத் தீவனத்திற் கலப்பதைத் தடைசெய்தது. அதன் பின்னர் விலங்குகளிலும் மனிதரிலும் அந்த எதிர்ப்பு குறைந்தமையை ஆய்வுகள் காட்டின. இந்தியா 2019இல் உணவுக்கான விலங்குகளில் இம்மருந்தின் பாவனையைத் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியமோ வளர்ச்சியைத் தூண்டுவதற்கான அன்ரிபயோற்றிக் பாவனையை 2006இலேயே முற்றாக நிறுத்தியது.

மருந்துக்குக் கட்டுப்படாத பக்ரீரியாத் தொற்றுகளால் 2019இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் உயிரிழந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. எமது நாட்டிலும் 2017 முதல் 2022 வரைக்கெனத் தேசிய மூலோபாயத் திட்டமொன்று வகுக்கப்பட்டது. எனினும், திட்டங்களின் பெறுமதி பண்ணை வாசலிலேயே அளவிடப்படும்.

சிறு பண்ணையாளரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதால் பயனில்லை. மருந்துச் சிட்டையைக் கட்டாயமாக்குவதாயின், கூப்பிட்ட நேரத்துக்குக் கால்நடை வைத்தியர் கிடைக்கவும் வேண்டும். தடுப்பூசி, தூய நீர், கூட்டுச் சுத்தம் ஆகியவற்றுக்கு உதவி வழங்கினால் மருந்தின் தேவையே குறையும். பண்ணையாளரும் மருந்து கொடுத்த பின்னர் குறித்த நாட்கள் கடக்கும்வரை பால், முட்டை, இறைச்சியைச் சந்தைக்கு அனுப்பாதிருத்தல் வேண்டும். இன்று கோழிக்கூட்டில் விரயமாகும் மருந்து, நாளை வைத்தியசாலைக் கட்டிலில் எம் பிள்ளைக்குப் பயன்படாது போகலாம். இதனை உணர்ந்து உரிய தரப்பினர் செயற்பட வேண்டுமென்பதே எமது வேண்டுகோளாகும்.