உண்டியலும் துண்டறிக்கையும்

கேன்சருக்காக உண்டியல் தூக்குவது வெறும் சீர்திருத்தவாதம் என்கிறார்கள் சில தோழர்கள். அரசு செய்ய வேண்டியதை நாம காசு வசூலித்துச் செய்தால் அரசு தப்பித்துக்கொள்ளும் என்பது அவர்கள் வாதம். சரிதான். ஆனால் நாளை காலையில் நோயாளிக்குச் சோறு வேணுமே, அதற்கு இந்த வாதத்தில் இடம் எங்கே?

எங்கம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். அடி அண்ணாமலையிலிருந்து காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு புற்றுநோய் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். சிகிச்சைக்குக் காசு கேட்கவில்லை. கதிர்வீச்சு வாரத்துக்கு 5 நாள், 5 வாரம். பிறகு உள்கதிர்வீச்சு. எல்லாம் 8 வாரத்துக்குள் முடியணும். இழுத்தால் நோய் திரும்பும் ஆபத்து கூடும். நடவுக்கும் களையெடுக்கவும் போகிற பொம்பளை 8 வாரம் கூலியை விட்டுட்டு உட்கார முடியுமா? துணைக்கு இருக்கிற ஆளின் கூலியும் போச்சு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சைக்குக் கொடுக்கும். போன கூலியைக் கொடுக்காது. பாதியில் ஊர் திரும்புகிற நம்ம சனங்களை 'விழிப்புணர்வு இல்லாதவர்கள்' என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை.

அதனால்தான் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் எங்க தெருப் பிள்ளைகளோடு நிற்கிறேன். 14 கிலோமீட்டர் பாதை, லட்சக்கணக்கில் சனம். அன்னதானத்துக்கு அள்ளிக் கொடுக்கிற கை, "எந்தத் தெரு தம்பி?" என்று கேட்டுவிட்டு விரல் படாமல் சில்லறையைப் போடுவதும் உண்டு. புண்ணியம் தேடி வருகிற காசு அப்படித்தான் வரும். வாங்கிக்கொள்கிறோம். அதில் யாரோ ஒரு அம்மாவின் ஒருவாரச் சாப்பாடு இருக்கிறது.

நிதி திரட்டுவதை லேசாகப் பேச வேண்டாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி மரபில் வந்த தாயின் மகள். 1927இல் சென்னை சட்ட மேலவைக்குப் போன பெண். தங்கை புற்றுநோயில் செத்ததைப் பார்த்தவர். 1935இல் இந்நோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று பேசினார். இந்திய மாதர் சங்கத்தின் பேரில் நிதி திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் அடையாறில் 12 படுக்கைகளோடு தொடங்கியது. பேச்சிலிருந்து படுக்கை வரை 19 வருசம். தங்கைக்குக் கிடைக்காதது முகம் தெரியாத சனங்களுக்குக் கிடைத்தது.

ஆனால் உண்டியலோடு நின்றுவிட்டால் தோழர்கள் சொல்வதுதான் நடக்கும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே ஹெச்.பி.வி. வைரஸால் வருவது. தடுப்பூசி இருக்கு. முன்கூட்டியே கண்டுபிடிக்கப் பரிசோதனை இருக்கு. 2030க்குள் 15 வயதுக்குள்ளான பெண்பிள்ளைகளில் 100க்கு 90 பேருக்கு ஊசி, 35 வயதிலும் 45 வயதிலும் 100 பெண்களில் 70 பேருக்குப் பரிசோதனை, நோய் கண்டவர்களில் 100க்கு 90 பேருக்குச் சிகிச்சை என்று 2020இல் உலக சுகாதார அமைப்பு இலக்கு வைத்தது. எங்கம்மாவிடம் ரத்தப்போக்கு வரும்வரை யாரும் 'வாங்க, பார்த்துடலாம்' என்று சொன்னதில்லை. காலனித் தெருவுக்குள் அந்த இலக்கு எப்போது நடந்து வரும்?

ஆகவே உண்டியலோடு துண்டறிக்கையும் கொடுக்கிறோம். காலனிக்கே வந்து பரிசோதனை செய். பெண்பிள்ளைகளுக்கு ஊசி போடு. சிகிச்சை முடியும்வரை நோயாளிக்கும் துணைக்கும் கூலி இழப்பீடு கொடு. காசு கேட்பது இன்றைய சோற்றுக்கு. இது நாளைய உயிருக்கு.

உண்டியலைக் கீழே வை என்கிற தோழர்களே, அடுத்த பௌர்ணமிக்கு வாங்க. உண்டியலை நாங்க தூக்குறோம். துண்டறிக்கையை நீங்க பிடிங்க.