துண்டுச் சீட்டும் உலாவி நீட்சியும்

ஒருவனைப் பற்றிய கணக்கு அவன் கண்ணிற் படாமற் பிறர் கையில் இருக்குமாயின், அது நாளடைவில் அவனுக்கே விலங்காகும். இவ்வுண்மையை மலையக மக்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. துண்டு முறை நிலவிய காலத்திலே, தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக வேண்டுமாயின், அவன்மீதுள்ள கடன் இவ்வளவு என்று துரை எழுதிக் கொடுத்த துண்டு வேண்டும். அக்கடனைப் புதிய தோட்டம் தீர்த்தாலன்றி அவனுக்கு விடுதலையில்லை. அத்தொகை சரியோ தவறோ என்று படித்தறியும் வாய்ப்பும் அவனுக்கில்லை. 1921ஆம் ஆண்டிலே சட்டம் அம்முறையை ஒழித்தது. எனினும், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் முன்னோர் பிறப்புக்குச் சான்று கேட்டபோது, காட்டுவதற்குப் பத்திரமின்றி நம்மவருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர்.

அத்துண்டு இன்று வேறு வடிவில் வருகின்றது. லயத்திற் பிறந்த பிள்ளைகள் கொழும்பிலும் வளைகுடா நாடுகளிலும் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு, அட்டனிலோ நுவரெலியாவிலோ பத்துப் பேர்ச் காணி வாங்க விழைகின்றனர். விளம்பரங்களை இணையத்திலே தேடுகின்றனர். காணியிலும் வீட்டிலும் முதலிடுவோருக்கென்று, இணைய உலாவியோடு ஒட்டிக்கொள்ளும் சிறு கருவிகள் உண்டு. அவற்றை நீட்சி என்பர். விளம்பரத்தில் உள்ள விலையை எடுத்து, வாடகை வருமானம், கடன் தவணை முதலியவற்றை அவை நொடியிற் கணித்துக் காட்டும். நல்ல உதவியே. ஆனால், அத்தகைய நீட்சிகளுட் சில, நாம் செல்லும் எல்லாத் தளங்களிலும் உள்ள விபரங்களைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கின்றன. அவசரத்தில் நாமும் இசைந்து விடுகின்றோம்.

இது வீண் அச்சமன்று. கணினிப் பாதுகாப்புக்குப் பெயர்பெற்ற அவாஸ்ட் நிறுவனம், தன் நீட்சிகள் முதலியவற்றின் வழியாகத் திரட்டிய பயனர் விபரங்களை, ஜம்ப்ஷாட் என்னும் துணை நிறுவனத்தின் மூலம் விற்றதென்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. அவ்வழக்கில் 165 இலட்சம் டொலர் செலுத்த வேண்டுமென 2024ஆம் ஆண்டில் முடிவாயிற்று. வேலியே பயிரை மேய்வது வெறுங் கதையன்று.

மறைப்பதற்கு ஏதுமில்லாதவன் ஏன் அஞ்ச வேண்டும் என்று கேட்பாருளர். காணி வாங்குபவன் மறைக்க வேண்டியது ஒன்று உண்டு. தன்னால் எவ்வளவு கொடுக்க இயலும் என்பதே அது. விற்பவனோ தரகனோ அதை முன்கூட்டி அறிந்தால், பேரம் தொடங்குமுன்னே அவன் தோற்றவனாவான்.

ஆகையால் நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. கணக்கு நம் கணினிக்குள்ளேயே முடிதல் வேண்டும். காணி விளம்பரத் தளங்களுக்கு அப்பால் நீட்சியின் பார்வை செல்லலாகாது. எதைச் சேர்க்கிறது, எத்தனை நாள் வைத்திருக்கிறது, யாருக்குக் கொடுக்கிறது என்பவற்றை அது தமிழிலும் சொல்லுதல் வேண்டும். நாம் கேட்டதும் அழித்தல் வேண்டும். தன்னைப் பற்றிய தரவைப் பார்க்கவும் திருத்தவும் அழிப்பிக்கவும் உள்ள உரிமையை, நம் நாட்டின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஏற்றிருக்கின்றது. அது ஏட்டுச் சுரைக்காயாகாமற் காப்பது, கேட்கத் துணியும் மக்களின் கையிலும் இருக்கின்றது.

துண்டில் எழுதியிருந்ததைப் படிக்க நம் முன்னோருக்குக் கல்வி வாய்க்கவில்லை. நமக்கோ வாய்த்திருக்கின்றது. அனுமதி கொடுக்குமுன் ஒருமுறை படித்துப் பார்ப்பது, அவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.