அஞ்ச வேண்டியது ஹார்மோனுக்கு அல்ல

ஜெஞ்சாரோம் பக்கம் திசு வளர்ப்பு வாழைக்கன்றை நடாதீர்கள், அது ‘ஹார்மோன் வாழை’, பழமெல்லாம் நஞ்சு என்கிறார் நண்பர். அந்தக் கோல லங்காட் வட்டார விவசாயியைக் காரணமில்லாமல் மிரட்டும் பேச்சு இது.

சோதனைக்கூடத்தில் ஒரு லிட்டர் வளர்ப்பு ஊடகத்துக்குச் சேர்க்கப்படும் பென்சைல் அடினைன் சில மில்லிகிராம்தான். குருத்தைப் பல குருத்துகளாகக் கிளைக்கச் செய்யும் சைட்டோகைனின் அது. அதே வகையைச் சேர்ந்த ஸியாட்டின் நாம் குடிக்கும் இளநீரிலேயே இருக்கிறது! விரலளவுக் கன்று மாதக்கணக்கில் மண்ணில் வளர்ந்து, ஆளுயரம் தாண்டிக் குலை தள்ளுகிறது. அதற்குள் அந்தச் சிறு அளவு செடிக்குள்ளேயே சிதைந்துவிடும். பழத்தில் என்ன மிஞ்சும்?

பக்கக்கன்றே பாதுகாப்பு என்பதுதான் அவர் வாதத்தில் ஆபத்தான பகுதி. 1990களில் மலேசிய வாழைத் தோட்டங்களைச் சாய்த்த பனாமா வாடல் நோய், பக்கக்கன்றின் கிழங்கோடும் அதில் ஒட்டிய மண்ணோடும் ஊர் ஊராகப் போகும். பெராங்கான் வகை வாழையும் அதற்குத் தப்பாது. சுத்தமான திசுக்கன்று அந்த வழியை அடைக்கிறது. ஏற்கெனவே நோய் பிடித்த மண்ணை அது குணமாக்காது, உண்மைதான்.

கவலைப்பட வேண்டியது இரண்டுக்கு. ஒரே திசுவை அளவுமீறிப் பிரித்துப் பெருக்கினால் இயல்பு திரிந்த கன்றுகள் கலந்துவிடும். தாய்மரத்தில் முடிக்கொத்து நச்சுயிரி இருந்தால் அத்தனை கன்றுக்கும் போகும். ஆகவே கன்று வாங்கும்போது, எத்தனை முறை பிரித்தீர்கள், தாய்மரத்தை நச்சுயிரிக்குச் சோதித்தீர்களா என்று கேளுங்கள். பதில் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.