கழிவெண்ணெயில் ஓடிய பேருந்து

"முதலில் படிப்பை முடிக்கட்டும்; மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்." கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகளைக் குறித்து நம் இல்லங்களில் வழங்கும் பேச்சு இது. படைப்பைப் பேணும் பணியும் அந்த 'மற்றவற்றில்' ஒன்றாகத் தள்ளப்பட்டுவிடுகிறது. அதையே படிப்பாக்கிய ஓர் இடத்தை இம்மாதம் நோக்குவோம்.

அமெரிக்க நாட்டின் சிக்காகோ நகரிலே, மிச்சிகன் ஏரிக்கரையில் இலயோலா பல்கலைக்கழகம் இருக்கிறது. 1870-ஆம் ஆண்டில் இயேசு சபையினர் நிறுவியது. 2007-ஆம் ஆண்டில் அங்குச் சுற்றுச்சூழல் சிக்கல்களுக்குத் தீர்வு காண்பதையே பாடமாகக் கொண்ட வகுப்பொன்றில், மாணவர்கள் தம் உணவுக்கூடத்தின் அடுக்களையை நாடினர். பொரித்தெடுத்தபின் கொட்டப்படும் எண்ணெயைச் சேகரித்தனர். அதை வடிகட்டிச் சூடாக்கி, மெத்தனாலும் காரமும் கலந்தால் இரண்டாகப் பிரியும்: மேலே டீசலுக்கு ஈடான எரிபொருள், அடியில் கிளிசரின். எரிபொருளைக் கொண்டு பல்கலைக்கழகப் பேருந்து ஓடிற்று. கிளிசரினும் வீணாகவில்லை, சோப்பாயிற்று!

பிசுபிசுத்த பாத்திரங்களைத் தூக்கிச் சுமக்கும் வேலை இது. ஆண்டுக்கொரு நாள் மரக்கன்று நட்டு, நிழற்படமும் எடுத்துக்கொண்டு, மறுநாள் நீர் வார்க்க மறந்துபோகும் விழாக்களை நாம் ஏராளமாகக் கண்டிருக்கிறோம். அடுக்களை எண்ணெயோ நாள்தோறும் சேரும். நாள்தோறும் ஆள் வேண்டும். மாணவரோ சில ஆண்டுகளில் பட்டம் பெற்றுப் போய்விடுவர். இத்தகைய முயற்சிகள் பெரும்பாலும் அங்கேதான் அறுந்துபோகின்றன. பாடத்தோடும் ஆய்வுக்கூடத்தோடும் பிணைத்துவிட்டால், விட்ட இடத்திலிருந்து அடுத்த அணியினர் தொடர வழியுண்டு.

பொறுமைக்கு மற்றொரு சான்று, வாசிங்டனிலுள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம். இதுவும் இயேசு சபையினருடையதே. நிலக்கரி, எண்ணெய் நிறுவனங்களிலிருந்து பல்கலைக்கழகத்தின் முதலீட்டை மீட்குமாறு மாணவர் வேண்டினர். 2015-இல் நிலக்கரிச் சுரங்க நிறுவனங்கள் மட்டும் விலக்கப்பட்டன. 2018-இல் தார்மணல் நிறுவனங்கள். படிம எரிபொருள்கள் அனைத்திலிருந்தும் படிப்படியாக விலகும் முடிவு 2020-இல்தான் வந்தது. முதலில் கேட்டவர்களுள் பலர் அதற்குள் படிப்பை முடித்து வெளியேறியிருப்பர்.

பணத்தையும் நிறுவனத்தையும் பற்றிப் பேசுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் இயலாது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலின் 211-ஆம் பத்தி, உண்ணுமளவே சமைத்தல், குப்பையைத் தரம் பிரித்தல், வேண்டாத விளக்கை அணைத்தல் ஆகியவற்றைக்கூட விட்டுவிடவில்லை. விடுதியில் தங்கிப் பயிலும் பிள்ளை இவற்றை இன்றே தொடங்கலாம். தனியாகத் தொடங்குவதினும், ஏற்கெனவே இயங்கும் மாணவர் மன்றத்தில் சேர்ந்து, ஆசிரியர் ஒருவரையும் துணைக்கு அழைத்துக்கொள்வது நலம்.

இனி, பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். விடுமுறைக்கு வரும் மகனிடமோ மகளிடமோ மதிப்பெண்ணை விசாரிக்கும்போது இதையும் சேர்த்து விசாரியுங்கள்: "உங்கள் விடுதியில் மிஞ்சும் சோறு எங்கே போகிறது?" தெரியாது என்று விடை வந்தால், திரும்பிச் சென்றதும் சமையற்காரரிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.