சராசரியில் மறைந்த தொட்டில்கள்

கிழக்கேகோட்டையில் பேருந்துக்குக் காத்து நிற்பதும் ஒரு கல்விதான். சென்ற வாரம் அங்கே நம் மன்ற நண்பர் ஒருவர் செய்தித்தாளை விரித்தார். "பார்த்தீரா! கேரளத்தில் ஆயிரம் குழந்தை பிறந்தால், ஓராண்டு நிறையுமுன் இறப்பவை 5 தான். இந்தியாவுக்கு 25, மத்தியப் பிரதேசத்துக்கு 37. அமெரிக்காவையே விஞ்சிவிட்டோம்!" என்று பூரித்தார். 2023-ஆம் ஆண்டுக் கணக்கு அது. பெருமைக்குரியதுதான், நான் மறுக்கவில்லை.

ஆனால் ஒன்று கேட்டேன்: "இந்த ஐந்தில் அட்டப்பாடி எங்கே இருக்கிறது?"

நண்பர் விழித்தார். இத்தனைக்கும் அவர் கோவைக்காரர். ஆனைகட்டியைத் தாண்டினால் அட்டப்பாடி!

இருளரும் முடுகரும் குறும்பரும் வாழும் மலை அது. 2013-இல் அவர்களுடைய ஊர்களில் கைக்குழந்தைகள் அடுத்தடுத்து மடிந்தன. கொள்ளைநோய் ஒன்றும் வரவில்லை. தாய்க்குச் சோகை; பிள்ளை வயிற்றிலேயே வாடி, மாதம் நிரம்பாமல், எடை குறைந்து பிறந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போகாத அறியாமை" என்றார் நண்பர். படித்தவர் நாவில் இந்தச் சொல் எவ்வளவு எளிதாக வந்துவிடுகிறது! 1951-இல் அட்டப்பாடியில் பத்துப் பேருக்கு ஒன்பது பேர் பழங்குடியினர். 2001-இல் அவர்கள் பாதிக்கும் குறைவு. இடையில் வெளியிலிருந்து வந்தவர் கைக்கு நிலம் போயிற்று. கேழ்வரகும் சாமையும் தினையும் விளைந்த காட்டை இழந்தவள், ரேஷன் அரிசிக் கஞ்சியைக் குடித்துப் பிள்ளை சுமந்தாள். நிலத்தை மீட்டுத்தர 1975-இல் சட்டம் செய்தார்கள். சட்டம் ஏட்டில் இருந்தது. நிலமோ பிறர் கையில் இருந்தது. 2013-க்குப் பின் சமூகச் சமையற்கூடங்கள் வந்தன. 2017-இல் சிறுதானியச் சாகுபடித் திட்டமும் வந்தது. நல்லவைதாம். ஆனால் கஞ்சியைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு நிலத்தைப் பற்றிப் பேசுவாரைக் காணோம்.

மூன்று கோடிக்கு மேற்பட்டோர் வாழும் மாநிலத்தில், 2011 கணக்குப்படி, அட்டப்பாடிப் பழங்குடியினர் முப்பதாயிரத்துக்கும் குறைவு. அங்கே எத்தனை தொட்டில் வெறுமையானாலும் மாநிலச் சராசரி அசையாது. ஆகவே, மாநிலக் கணக்கு வெளியாகும் அதே நாளில் அட்டப்பாடியின் கணக்கையும் தனியே வெளியிட வேண்டும் என்பது என் கட்சி. பெருமையையும் அதன் பக்கத்திலேயே சிறுமையையும் மக்கள் படிக்கட்டும்.

நண்பர் பதில் சொல்லுமுன் அவருடைய பேருந்து வந்துவிட்டது. "விடுமுறைக்கு ஊர் போகும்போது மண்ணார்க்காட்டில் இறங்கி, மலை வழியாகவே போவோம், வாரும்" என்றேன். படியில் நின்றபடி தலையை அசைத்தார்.