பி.ஆர்.ஓ. ஆகணும்னா எந்தக் காலேஜ்?

பி.இ. முடிச்சுட்டு பப்ளிக் ரிலேஷன்ஸ் படிக்கப் போறேன்னு கொடுமுடிப் பக்கம் ஒரு வீட்டில் சொல்லிப் பாருங்கள். "அதென்ன கண்ணு, அட்மிஷனுக்கு ஆள் புடிக்கற வேலையா?" என்றுதான் முதல் கேள்வி வரும். கேட்பவர்கள் மேல் தப்பில்லை. பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் பி.ஆர்.ஓ. என்று அட்டை மாட்டிக்கொண்டு வீடு வீடாக வந்தவர்களைத்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே பில்லில் தள்ளுபடி வாங்கிக் கொடுப்பவருக்கும் அதே பேர். சினிமா டைட்டிலில் 'மக்கள் தொடர்பு' என்று ஒரு கார்டு ஓடும். 1958-இல் வந்த 'நாடோடி மன்னன்' படத்துக்கு அந்த வேலையைப் பார்த்த பிலிம் நியூஸ் ஆனந்தனைத்தான் தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்பார்கள். கலெக்டர் ஆபீஸ் போனால் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் என்று அரசாங்கமே ஒருவரை உட்கார வைத்திருக்கிறது.

ஒரே பேரில் இத்தனை வேலை இருப்பதால்தான் எந்தக் காலேஜ் என்ற கேள்வி குழப்பமாகிறது. நம்ம கிளாஸிலேயே இதைப் பற்றி யோசிக்கிற நாலைந்து பேர் இருக்கிறார்கள். பேச்சுத் திறமை இருக்கு, சிம்போசியத்தில் ஸ்பான்சர் புடிச்சிருக்கோம், அப்புறம் என்ன என்கிறார்கள். அது கெட்டிக்காரத்தனம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு ரெண்டு வருஷமும் சில லட்சமும் செலவு பண்ணி ஒரு படிப்பு தேவையில்லையே.

இந்த வேலை உண்மையில் என்ன என்று பார்க்க அமெரிக்கப் பாடப்புத்தகம் வரைக்கும் போக வேண்டாம். வெள்ளியங்கிரி மலையில் புறப்பட்டு, கோவை, திருப்பூர் வழியாக வந்து, கொடுமுடிக்குப் பக்கத்தில் காவிரியில் கலக்கிற நொய்யலே போதும். திருப்பூர்ச் சாயக்கழிவு இந்த ஆற்றில் இறங்கிய கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கு ஆகாத சாயத்தண்ணி தேங்குகிற குட்டையாக ஆனது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2006-இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 2009-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அதற்கும் சரியாகாமல் 2011 ஜனவரி 28-ஆம் தேதி சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள்.

அந்த ஜனவரியில் திருப்பூரில் ஒரு பட்டறைக்கோ ஏற்றுமதி நிறுவனத்துக்கோ நீங்கள் மக்கள் தொடர்பு அதிகாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு பையர் மெயில் அனுப்புகிறார், என் ஆர்டர் என்னாகும் என்று. வேலை போன தொழிலாளி கேட் முன்னாடி நிற்கிறார். ஒரு பத்திரிகையாளர் போன் பண்ணுகிறார். கீழே ஆத்தோரத்தில் தென்னை காய்ந்து போன விவசாயி, இத்தனை வருஷமா என்னதான் பண்ணீங்க என்கிறார். நாலு பேருக்கும் நாலு பொய் சொல்லலாம், சாயங்காலத்துக்குள் நாலும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். நாலு பேருக்கும் ஒரே உண்மையை அவரவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். அதற்கு முன்னாடி, முதலாளி அறைக்குள் போய், "இதைச் சொல்ல முடியாதுங்க, ஏன்னா இது உண்மையில்லை" என்று சொல்லத் தெரிய வேண்டும். என்னைக் கேட்டால் பி.ஆர். வேலையில் பாதிக்கு மேல் அந்த அறைக்குள்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் இன்ஜினியரிங் படித்தவனுக்கு ஒரு பிடி இருக்கிறது. சுத்திகரித்த கழிவுநீரில் டி.டி.எஸ். லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்குள் இருக்கணும் என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவு. குடிதண்ணிக்கு ஐ.எஸ். 10500 தரம் சொல்கிற விரும்பத்தக்க அளவு 500. வேற தண்ணியே இல்லாத இடத்தில் 2000 வரை போகலாம். "எங்க தண்ணி விதிமுறைக்கு உட்பட்டது" என்று அறிக்கை விட்டால் சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் அதைப் படிக்கிற விவசாயி, குடிக்கலாம் போல என்று நினைத்துவிட்டால் அந்த அறிக்கை அவரை ஏமாற்றியதாகத்தான் அர்த்தம். இந்த வித்தியாசம் கண்ணில் பட கெமிக்கல் இன்ஜினியரிங்கில் ரெண்டாம் வருஷம் தாண்டியிருந்தாலே போதும். ஆர்.ஓ. எப்படி வேலை செய்யும், எவாப்பரேட்டருக்கு அப்புறம் மிஞ்சுகிற உப்பை எங்கே கொண்டு போய் வைப்பது என்று தெரிந்த ஒருவன், அதைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதவும் தெரிந்தவனாக இருந்தால் அவனுக்கு இங்கே வேலை இருக்கிறது. பம்பு, நூற்பாலை, கறிக்கோழி, மஞ்சள் என்று நம்ம பக்கம் நடக்கிற தொழில் அத்தனைக்கும் இது பொருந்தும்.

சரி, காலேஜுக்கு வருவோம். முதலில் ஒரு நிம்மதியான விஷயம்: டாக்டருக்கும் வக்கீலுக்கும் இருக்கிற மாதிரி பி.ஆருக்கு லைசென்ஸ் கிடையாது. பி.ஜி. சேர பி.இ. தடையுமில்லை. டெல்லியில் 1965-இல் ஆரம்பித்த ஐ.ஐ.எம்.சி.யில் விளம்பரமும் மக்கள் தொடர்பும் சேர்ந்த முதுநிலை டிப்ளமோவுக்கு எந்த டிகிரியானாலும் விண்ணப்பிக்கலாம். அவ்வளவு தூரம் போகாமல் பாரதியார் பல்கலைக்கழகத்திலேயே தகவல் தொடர்பு, ஊடகத் துறை இருக்கிறது. எட்டிமடையில் அமிர்தாவின் கம்யூனிகேஷன் பள்ளி இருக்கிறது. நம்ம டிகிரி சர்டிபிகேட்டில் பேர் போடுகிற அண்ணா பல்கலைக்கழகத்திலேயே ஊடக அறிவியல் துறை இருப்பது நம்மில் பல பேருக்குத் தெரியாது. (நம்ம பிளேஸ்மென்ட் செல் நோட்டீஸ் போர்டில் இதையும் ஒரு வரி போட்டால் குறைந்தா போவார்கள்?)

இதில் எது நல்லது என்று ரேங்க் போட எனக்கு விருப்பமில்லை. போய்ப் பார்ப்பவர் என்ன கேட்கணும் என்பதில்தான் எனக்கு அபிப்பிராயம் உண்டு. ஸ்டுடியோவைக் காட்டுவார்கள், கேமராவைக் காட்டுவார்கள். பார்த்துவிட்டு வெளியே வந்து ரெண்டாம் வருஷ மாணவர் ஒருவரைப் பிடித்து, வாரத்துக்கு எத்தனை பக்கம் எழுதறீங்க, அதைத் திருத்தித் தருவது யார் என்று கேளுங்கள். திருத்துபவர் ஒரு நிருபராகவோ ஒரு நிறுவனத்தின் செய்தித் தொடர்பாளராகவோ கொஞ்ச காலமாவது இருந்தவரா? மாணவர்களே நடத்துகிற பத்திரிகை இருக்கிறதா, அதில் அந்தக் காலேஜைக் குறை சொல்லி ஒரு வரியாவது வந்திருக்கிறதா? கடைசிக் கேள்விக்குச் சிரித்து மழுப்பினால் எனக்கு அது போதும். தன்னைப் பற்றி நாலு வார்த்தை தாங்காத இடம் அந்த முதலாளி அறைக்குள் பேச உங்களைப் பழக்காது.

இன்னொன்று தமிழ். பாடம் ஆங்கிலத்தில், அசைன்மென்ட் ஆங்கிலத்தில், பிரஸ் ரிலீஸும் ஆங்கிலத்தில் என்று போகிற இடங்கள் நிறைய. பையருக்கு அனுப்ப அது வேணும்தான். ஆனால் சென்னிமலையிலும் காங்கேயத்திலும் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழுந்து பேச அது உதவாது. ஆங்கிலத்தில் எழுதி, ஏஜென்சியில் கொடுத்துத் தமிழாக்கி வருகிற அறிக்கைகளைப் படித்திருப்பீர்கள். மூணாவது வரியில் எழுவாய் காணாமல் போயிருக்கும்.

விஸ்காம் படித்தால் பி.ஆர். வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று. கேமராவும் எடிட்டிங்கும் நல்ல கைத்தொழில்தான், ஆனால் என்ன சொல்வது என்ற கேள்வியை அவை தீர்ப்பதில்லை. அந்தச் சிலபஸில் ஊடகச் சட்டம், நெறிமுறை, நெருக்கடி நேரத் தொடர்பு என்று தனித்தனிப் பேப்பர் இருக்கிறதா, ஒரே யூனிட்டில் அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

நெறிமுறை எல்லாம் தியரி என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஐவி லீ கதையைச் சொல்லலாம். பத்திரிகைகளுக்கு உண்மையை, சரியாக, மறைக்காமல் கொடுப்போம் என்று 1906-இல் கொள்கை அறிக்கையே வெளியிட்டவர் அவர். அதே ஆள் 1914-இல் லட்லோ சுரங்கப் போராட்டத்தில் ஆட்கள் செத்த பிறகு, ராக்ஃபெல்லர் தரப்புக்காகத் தப்பான தகவல்கள் கொண்ட பிரசுரங்களை அச்சடித்து அனுப்பினார். ரெண்டுமே பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டியவை. முதல் பாதியை மட்டும் நடத்துகிற வாத்தியார் கிடைத்தால் ரெண்டாம் பாதியைப் பற்றி நீங்களே கேளுங்கள்.

செலவைப் பொறுத்தவரை என் கணக்கு எளிது. ஃபீஸ் கட்டக் கடன்தான் வாங்கணும் என்றால் ஒரு வருஷம் பொறுங்கள். அந்த வருஷத்தில் படித்த டிகிரிக்கு ஏற்ற வேலையில் சேர்ந்து, அந்தக் கம்பெனியில் நியூஸ்லெட்டரோ பாதுகாப்பு அறிவிப்போ எழுதுகிற பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் யாரும் போட்டிக்கு வர மாட்டார்கள். எழுத உட்கார்ந்தால் கசக்கிறதா இனிக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும்.

அதுவும் இப்போதே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஹாஸ்டலுக்குப் பின்னால் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று ஓடுகிறது. அந்தத் தண்ணி எங்கே போகிறது, அதில் என்ன இருக்கிறது, தோட்டத்துக்கு விடலாமா என்பதை, பக்கத்துக் காட்டுக்காரருக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கம் தமிழில் எழுதுங்கள். ஆபரேட்டர் அண்ணனைக் கேட்டால் அளவுகளைச் சொல்வார். எழுதியதை அந்தக் காட்டுக்காரரிடமே படித்துக் காட்டிவிட்டு, அவர் கேட்ட கேள்விகளையும் சேர்த்து எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுகிறோம்.